உயிலில் ஓர் அறப்பங்கு

திருக்கோயிலுக்குள் நுழையும் அன்பர் எவரும் ‘உபயம்’ என்னும் சொல்லைக் காணாமல் வெளியேற இயலாது. மணியில், குத்துவிளக்கில், உண்டியலின் மேல் மூடியில், தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் கொடுத்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் குழல்விளக்கின் மேல் எழுதிய பெயர், விளக்கின் ஒளியில் பாதியை மறைத்துவிடுவதும் உண்டு. இவையனைத்தும் கொடுத்தவர் தம் கண்ணால் கண்டு மகிழ்ந்த கொடைகள். கொடுத்தவர் மறைந்த பின்னரே தொடங்கும் கொடை ஒன்று உண்டு. அஃது உயிலின் வழியாக வருவது. அதைக் கொடுத்தவர் அது நடந்ததா என்று வந்து பார்க்க இயலாது. ஆதலால் அதனை எழுதும்போது மற்ற எந்தக் கொடைக்கும் வேண்டாத ஒரு கவனம் வேண்டியிருக்கிறது.

தாம் மறைந்த பின்பும் அறம் நடக்க வேண்டும் என்னும் எண்ணம் தமிழகத்துக்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில், ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிவதற்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்கினர். ஆடு சாகாதா, மூப்படையாதா எனில், சாகும், மூப்படையும். ஆயினும் மந்தையை ஏற்ற இடையர், குறைந்ததைக் குட்டிகளால் நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் அளவிட்ட நெய்யைக் கோயிலுக்கு அளந்து வரவேண்டும். முதல் அழியாது, அதன் பயன் மட்டும் செலவாகும். தஞ்சைப் பெரிய கோயிலில் கொடையாளர் அளித்த காசுகளை ஊர்ச் சபையார் ஏற்று, ஆண்டொன்றுக்குக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், வட்டி அளந்த கணக்கும் கல்லில் இருக்கிறது. இன்று ஓர் அன்பர் கட்டளைக்கென அளிக்கும் தொகை வங்கியில் வைப்பு நிதியாக வைக்கப்பட்டு, வட்டி மட்டும் பூசைக்கோ அன்னதானத்துக்கோ செலவிடப்படுவது அதே முறையின் தொடர்ச்சியே.

இடையே ஒரு சொல்லைப் பற்றி. ஆண்டுதோறும் நிகழும் விழாவைக் கல்வெட்டுகள் ‘ஆட்டைத் திருவிழா’ என்று குறிக்கும். ஆட்டை என்றால் ஆண்டுக்குரியது. ஆட்டையாம்பட்டி அன்பர்கள் தம் ஊர்ப்பெயரின் ஒலியை அங்கே கேட்டு மகிழலாம். ஊர்ப்பெயரோடு அதனை முடிச்சுப் போட வேண்டியதில்லை.

அக்காலத்துக் கொடையாளர் தாம் உயிரோடு இருக்கும்போதே கொடுத்து, கொடுத்ததைக் கல்லில் வெட்டுவித்து, ஊரறியச் செய்தனர். இந்த அறத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் இருப்பதாக என்று வணக்கமும், அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எச்சரிக்கையும் இறுதியில் சேர்த்தனர். பாவத்துக்கு அஞ்சாதவனும் பிறப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. இறந்த பின் சொத்து இன்னாருக்கு என்று எழுதிவைக்கும் உயில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கே வேரூன்றிய முறை. உயில் என்னும் சொல்லே ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவந்தான். மரண சாசனம் என்று எழுதுவாரும் உளர். அச்சொல்லைக் கேட்டே பலர் எழுதுவதைத் தள்ளிப்போட்டு விடுகின்றனர் என்பதால் உயில் என்றே கூறலாம்.

உயிலின் வழியாக அறம் செய்தோருள் தமிழகம் நன்கறிந்தவர் பச்சையப்ப முதலியார். 1754ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையின் முகத்தையே கண்டவர் அல்லர். அவர் பிறக்கும் முன்னரே தந்தை மறைந்துவிட்டார். பெரியபாளையத்தில் வறிய நிலையில் வளர்ந்து, சென்னைக்கு வந்து, பவுனி நாராயண பிள்ளை என்பாரின் ஆதரவில் தொழில் கற்று, ஆங்கிலேயருக்கும் நம்மவருக்கும் இடையே பேச்சும் வணிகமும் நடத்தும் துபாஷியாகி, நாற்பது வயதுக்குள் பெருஞ்செல்வம் ஈட்டினார். கோமளீஸ்வரன்பேட்டையில் குடியிருந்த அவர், அக்காலத்தில் தெளிந்து ஓடிய கூவம் ஆற்றில் நாள்தோறும் நீராடி வழிபட்டவர் என்பர். இன்றைய சென்னைவாசிகளுக்கு அது நம்ப முடியாத செய்தியாகத் தோன்றும்.

அவருக்கு ஆண் மகவு இல்லை. உடல்நலம் குன்றிச் சோழநாட்டில் தங்கியிருந்தபோது, 1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் உயில் எழுதினார். தம்மை ஆளாக்கிய நாராயண பிள்ளையையே அதனை நிறைவேற்றுபவராக நியமித்தார். செல்வத்தின் பெரும்பகுதியைச் சிவ விஷ்ணு ஆலயங்களின் கட்டளைகளுக்கும் பிற அறங்களுக்கும் உரிமையாக்கினார். ஒன்பது நாள் கழித்து, மார்ச்சு 31ஆம் நாள், திருவையாற்றில் இறைவனடி சேர்ந்தார்.

உயில் இருந்தது. செல்வம் இருந்தது. நிறைவேற்ற ஒருவர் பெயரும் எழுதப்பட்டிருந்தது. இவ்வளவும் இருந்தும் அறம் நடக்கவில்லை. உறவினரிடையே உரிமைப் பூசல் எழுந்தது, பொறுப்பு கை மாறிக் கை மாறிச் சென்றது, வழக்குகள் தொடர்ந்தன. ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் அவருடைய எண்ணம் ஏட்டளவிலேயே நின்றது. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து முதிரும் காலம் அது. அவர் பெயரால் எரிய வேண்டிய விளக்குகளும் அவர் பெயரால் பசியாற வேண்டிய வயிறுகளும் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தன. உயிலைப் பற்றிப் பேசுவோர் பச்சையப்பரின் வள்ளன்மையை விரித்துரைத்து இந்த நாற்பத்தேழு ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். கற்க வேண்டியது அங்கேதான் மிகுதியாக இருக்கிறது.

அறம் அழிந்துபோகாமல் மீண்டதற்குக் காரணம் அது எழுத்தில் இருந்ததே. வாய்மொழியாக மட்டும் சொல்லப்பட்டிருந்தால் நாற்பத்தேழு நாளுக்குக்கூடத் தாங்கியிராது. சென்னை உச்ச நீதிமன்றம் என்று அந்நாளில் வழங்கிய மன்றம் உயிலைக் கையில் எடுத்து, அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியோடு, 1841இல் அறங்களை நடத்துவதற்கான திட்டம் வகுத்தது. அதற்குள் முதலும் வட்டியும் சேர்ந்து பல லட்சம் ரூபாயாகப் பெருகியிருந்தது. உயிலில் சொல்லிய ஆலய அறங்களுக்கு உரியதை ஒதுக்கிய பின்னும் மிகுதி இருந்தது. அம்மிகுதியைக் கல்விக்குச் செலவிடலாம் என்று வழி செய்யப்பட்டது. 1842ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னையில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை இராமானுசன் அங்கே பயின்றார். பின்னாளில் தமிழக முதலமைச்சரான அண்ணாவும் அங்கே பயின்றார். திருவையாற்றில் கடைசி நாள்களை எண்ணிக்கொண்டிருந்த பச்சையப்பர் இவற்றுள் எதனையும் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

இப்படி முடிந்தது நற்பேறு. எல்லா உயிலுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. ஒரே ஒரு சொல்லால் முழு அறமும் வீழ்ந்த வழக்கு ஒன்று உண்டு. பம்பாயைச் சேர்ந்த ஒருவர் தம் உயிலில், சொத்தின் மிகுதி ‘தர்மத்துக்கு’ என்று எழுதிவைத்தார். வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1899இல் தீர்ப்பு வந்தது. தர்மம் என்னும் சொல் மிகப் பரந்தது. இன்ன செயலுக்கு என்று உறுதி செய்ய இயலாதது. ஆதலால் அந்தக் கொடை செல்லாது என்றனர். நம்மவர்க்கு இது வியப்பாகவும் சற்று வருத்தமாகவும் இருக்கும். தர்மம் என்றால் என்ன என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியுமே எனலாம். ஆயினும் சொல்லாராய்ச்சி செய்து பழகியோர் அத்தீர்ப்பில் ஒரு நியாயத்தைக் காண்பர். கடமை தர்மம், ஒழுக்கம் தர்மம், நீதி தர்மம், குளம் வெட்டுவது தர்மம், பிச்சையிடுவதும் தர்மம். பத்துப் பேரிடம் அச்சொல்லைக் கொடுத்தால் பத்துப் பொருள் கொண்டு வருவர். எழுதியவர் எதனை எண்ணினார் என்று கேட்க அவர் இல்லை. சொல் எத்தனை புனிதமாயினும், உயிலில் அது தனியே நின்றால் கொடையைத் தாங்காது.

ஆகவே ‘கோயிலுக்கு’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. ஆட்டையாம்பட்டியைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒவ்வொன்றிலும் மாரியம்மன் கோயில் உண்டு. விநாயகர் கோயில் தெருவுக்குத் தெரு உண்டு. ‘மாரியம்மன் கோயிலுக்கு ஐம்பதாயிரம் ரூபாய்’ என்று எழுதி ஒருவர் மறைந்தால், எந்த மாரியம்மன் என்று மக்களும் பங்காளிகளும் வாதிடுவர். அம்மன் வந்து சொல்லப் போவதில்லை. திருக்கோயிலின் முழுப்பெயர், ஊர், வட்டம், மாவட்டம், அது அறநிலையத்துறையின் ஆட்சியில் உள்ளதா, குடும்பத்தாராலோ ஊராராலோ நடத்தப்படுவதா என்பன எழுதப்பட வேண்டும். குலதெய்வக் கோயிலாயின் யார் பொறுப்பில் பணம் சேர வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். சட்டத்தின் கண்ணில் தெய்வமே சொத்தின் உரிமையாளர். அறங்காவலரும் செயல் அலுவலரும் அதன் சார்பில் நிருவகிப்போர். ஆதலால் அப்போது பதவியில் இருக்கும் அறங்காவலரின் தனிப்பெயருக்கு எழுதிவைத்தல் பிழை. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய வாரிசுகளையும் எண்ண வேண்டும்.

எதற்கு என்பதும் அப்படியே. ஆண்டுக்கு ஒரு நாள் அபிடேகமா, நாள்தோறும் ஒரு விளக்கா, அன்னதானமா என்று எழுதலாம். தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கிய பின், தம் பெற்றோர் நினைவு நாளில் அடியார்க்கு உணவளிக்க நிதி வைப்போர் பெருகியுள்ளனர். எனினும் மிக நுணுக்கமாகக் கட்டிப் போடுவதும் தீமையே. இன்ன கடையில் வாங்கிய இன்ன வகை அரிசி என்று எழுதினால், கடை மூடிய நாளில் அறமும் மூடிவிடும். இக்கட்டளை நடத்த இயலாமற் போனால் இதனை ஒத்த வேறு திருப்பணிக்குப் பயன்படுத்துக என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். பச்சையப்பரின் மிகுதிக்கு நீதிமன்றம் கண்ட வழியை, எழுதுபவரே முன்கூட்டித் திறந்து வைத்ததாகும்.

நிலம் எழுதிவைக்க விரும்புவோர் முன்னதாகத் திருக்கோயில் அலுவலகத்தில் கலந்து பேசுவது நன்று. தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் 1959இல் வந்தது. அதன்படி கோயிலுக்குச் சேர்ந்த நிலத்தை ஆணையரின் ஒப்புதல் இன்றி விற்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. நல்ல காவல்தான் அது. ஆனால் வழியில்லாத கால் ஏக்கர் மேட்டு நிலத்தையும், பங்காளியோடு வரப்புத் தகராறு உள்ள துண்டையும் கோயிலுக்கு எழுதிவைத்தால், வருவாய் இல்லாமல் வழக்கு மட்டுமே தெய்வத்தின் பங்காகும். தமக்குப் பயன்படாததைத் தெய்வத்துக்குத் தள்ளுவது கொடையன்று. அதனினும் ஒரு சிறு தொகையே மேல்.

எழுதிவைப்பது தமக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். தாமே உழைத்து ஈட்டிய சொத்தை விருப்பம் போல் எழுதலாம். கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் தமக்குரிய பங்கை மட்டுமே எழுதலாம். அந்த உரிமையும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தால் வந்தது. பாட்டனார் விட்டுச்சென்ற வீட்டை முழுவதும் மடத்துக்கு எழுதிய உயிலில், தம்பியின் பங்கும் மகளின் பங்கும் அகப்பட்டுக்கொண்டால், அறம் பிறர் பொருளில் செய்ததாகிவிடும். இறந்தவருடைய கடன்கள் அடைபட்ட பிறகே உயிலில் சொன்ன கொடைகளுக்கு முறை வரும் என்பதையும் மறத்தலாகாது. தறிக்கு வாங்கிய கடன், கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக் கடன் என எல்லாம் கழிந்து எஞ்சுவதே கொடை.

மனைவியையும் திருமணமாகாத மகளையும் வெறுங்கையராக விட்டு அனைத்தையும் கோயிலுக்கு எழுதுவோரும் ஒரோவழி உளர். பெரும்பாலும் அது பக்தியால் எழுதியதன்று. வீட்டாரோடு கொண்ட சினத்தால் எழுதியது. அவ்வாறு எழுதினாலும், சார்ந்து வாழ்ந்தோர்க்கு வாழ்வூதியம் தரும் பொறுப்பு அச்சொத்தைப் பெறுவோர்மேல் இருக்கும் என்று 1956ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், இந்து மகவேற்பு மற்றும் வாழ்வூதியச் சட்டம், கூறுகிறது. தெய்வத்தின் பங்கு வீட்டாரின் கண்ணீரோடு வர வேண்டியதில்லை.

எவ்வளவு எழுதலாம் என்று கேட்போர்க்குக் கொங்கு நாட்டிலேயே ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. கோயம்புத்தூர் பீளமேட்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வர். அவர்கள் 1926இல் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது, நான்கு கூறாக்காமல் ஐந்து கூறாக்கினர். ஐந்தாம் கூறு அறத்துக்கு. பி. எஸ். ஜி. அறநிலையம் அவ்வாறு பிறந்தது. அதன் கல்லூரிகளையும் மருத்துவமனையையும் இப்பக்கத்து மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் செய்தது உயில் அன்று, உயிரோடு இருப்போர் செய்த பாகப்பிரிவினை. எனினும் உயில் எழுதுவோர்க்கு அக்கணக்கு பொருந்தும். மூன்று மக்கள் உள்ளவர் அறத்தை நான்காவது பிள்ளையாக எண்ணலாம். அத்துணை இயலாதவர், நெசவுத் தொழிலாளியோ கைம்முறுக்குச் சுற்றிப் பிழைக்கும் தாயோ, ஒரு நாள் விளக்கெண்ணெய்க்கு வட்டி வருமளவு எழுதினாலும் அதுவும் சாவா மூவாப் பேராடே.

இனி எழுதும் முறை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பவை சிலவே. எழுதுவோர் தெளிந்த அறிவோடு கையொப்பமோ கைந்நாட்டோ இட வேண்டும். அதனை நேரில் கண்ட இருவரேனும், அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். இந்துக்களின் உயில் எதுவாயினும் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது 1927 சனவரி முதல் நாளிலிருந்து நாடெங்கும் விதியாயிற்று.

சாட்சி என்னும்போது திருச்செங்கோட்டு மலை நினைவுக்கு வருகிறது. அம்மலையின் அறுபதாம் படியில் நின்று சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்வது இப்பக்கத்தார் பழைய வழக்கம். அர்த்தநாரீசுவரர் அறியப் பொய் சொல்ல அஞ்சினர். உயில் எழுதியவரோ அப்படியேறிச் சத்தியம் செய்ய வர மாட்டார். அவருக்காகப் பேச வேண்டியவர் அந்த இரு சாட்சிகளே. உயிலில் ஐயம் எழுந்தால் அவருள் ஒருவரேனும் நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டும். எழுபது வயதினர் தம் வயதொத்த நண்பர் இருவரைச் சாட்சியாக வைப்பது அன்பின் மிகுதியே அன்றி அறிவுடைமை அன்று. தம்மினும் இளையவராய், உயிலால் யாதொரு பயனும் பெறாதவராய் இருத்தல் நலம். நிறைவேற்றுபவரும் அத்தகையரே ஆக வேண்டும். அவர் இல்லாவிடில் இன்னார் என்று இரண்டாம் பெயர் ஒன்றும் வேண்டும்.

நோய்ப் படுக்கையில் கடைசி நாளில் எழுதலாம் என்று இருத்தலும் இடர் தருவது. ஒன்பது நாள் இடைவெளியில் எழுதிய பச்சையப்பரின் உயில் நிலைத்தது. அனைவருக்கும் அவ்வாறு அமையாது. அறக்கொடைக்கான உயிலைச் சாவுக்கு ஓராண்டு முன்னரே எழுதியிருக்க வேண்டும் என்று, நெருங்கிய உறவினர் உள்ள கிறித்தவர்களுக்கு மட்டும் ஒரு பழஞ்சட்டப் பிரிவு கட்டாயப்படுத்தி வந்தது. அது சமனற்றது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் நீக்கிற்று. இந்துக்களுக்கு அத்தகைய கெடு என்றும் இருந்ததில்லை. ஆயினும் உயிலில் ஐயத்துக்கு இடமான சூழல் இருந்தால், அதனைப் போக்கும் சுமை உயிலைக் கொண்டு வருபவர் மேலதே என்று அதே நீதிமன்றம் 1958லேயே கூறியுள்ளது. கை நடுங்கி, நினைவு மயங்கி, சூழ நிற்போர் பிடித்து எழுதுவித்த கையொப்பத்தில் அந்த ஐயம் எளிதில் புகும். நல்ல உடல்நிலையில் எழுதுவதால் இழப்பதும் ஒன்றில்லை. உயிரோடு உள்ளவரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே நிற்கும் என்பதால், புதிய உயிலில் பழைய அறக்கொடையை மீண்டும் எழுத மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவு செய்வது கட்டாயமன்று; செய்தால் காவல் மிகும். சார்பதிவாளர் அலுவலகத்தில் எந்நாளும் பதியலாம். உள்ளிருப்பது யாருக்கும் தெரிய வேண்டாம் என்போர் உறையிலிட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பதிந்த உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடு உள்ளவரை, அவருக்கோ அவருடைய முகவருக்கோ அன்றி வேறெவருக்கும் அலுவலகத்தார் தர மாட்டார். மறைந்த பின்னரே பிறர் கேட்டுப் பெறலாம். ஆனால் அப்படி ஓர் உயில் இருப்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்? பீரோவின் அடித்தட்டில், பழைய பட்டுச் சேலையின் மடிப்பில் உறங்கும் உயில்கள் பல. எழுதிய நாள், பதிவு எண், அலுவலகம் ஆகிய மூன்றையும் ஒரு சிறு தாளில் குறித்து, நிறைவேற்றுபவரின் கையில் ஒன்றும், திருக்கோயில் அலுவலகத்தில் ஒன்றும் கொடுத்துவைக்கலாம்.

சிதம்பரம் செல்லும் அன்பர்கள் கிழக்குக் கோபுர வாயிலில் நுழையும்போது சற்று நின்று பார்க்கலாம். பச்சையப்ப முதலியாரின் சிலையும் அவர்தம் மனைவி ஐயாளம்மாளின் சிலையும் அங்கே உள்ளன.